நார், பஞ்சு, சீப்பு, டம்ளர்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் எழுத ஒப்புக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிசியோதெரபிப் பெண், "பாட்டி, உங்க வீட்ல நடந்ததை எழுதிக் குடுங்க. ஸ்ட்ரோக் வந்தவங்க வீட்டு ஆளுங்க படிச்சா அவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று கேட்டாள். அவர்களுக்கு இருக்கலாம். எங்களுக்கு இருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பொன்மலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும்போது அவர் எழுந்து உட்கார்ந்திருப்பார். சங்கு ஓயும்போது டீ டம்ளர் அவர் கையில் இருக்க வேண்டும். ரிட்டயர் ஆன பிறகு, தினம் காவிரியில் குளித்துப் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனுக்கு வந்தோம். அங்கே சங்குச் சத்தம் கேட்காது. ஆனாலும் அதே நேரத்துக்கு எழுந்து, "இந்தா" என்பார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். என் சொந்தப் பெயரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். அதற்குக் காரணம் பக்கவாதம் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

தீபாவளி கழிந்து வந்தது அந்தப் பக்கவாதம். அம்மா மண்டபம் படித்துறையில் குளித்துவிட்டு வந்தவர், வேட்டியைக் கட்ட முடியாமல் நின்றார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனோம். பேச்சு திரும்பி வந்துவிட்டது. கால் வந்துவிட்டது, கம்பு வைத்துக்கொண்டு நடப்பார். இடது கைகூட அசையும், எடுக்கும், பிடிக்கும். ஆனால் அந்தக் கைக்கு எதைத் தொட்டிருக்கிறோம் என்று தெரியாது. சுடுகிறதா, குளிர்கிறதா, குத்துகிறதா, ஒன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் ஒரு நாள் கே.கே. நகரிலிருந்து மகன் பார்க்க வந்திருந்தான். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வைத்த டம்ளர் சாய்ந்து, சூடான டீ அவ்வளவும் இடது கை மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். மகன்தான் பாய்ந்து போய்க் கையைத் தூக்கினான்.

அன்றைக்கே சொல்லிவிட்டான். "அம்மா, இது மாடிப் போர்ஷன். நீ கடைக்குப் போற நேரத்துல அப்பா அடுப்புப் பக்கம் போவாரு, வெந்நீர் வெப்பாரு. சித்திரை வரைக்கும் பாப்போம். கைக்கு உணர்ச்சி வந்துருச்சுன்னா ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. இல்லேன்னா அப்பா என்கிட்ட வந்துரட்டும். நீ துறையூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிரு. அவளும் புள்ளையைப் பாத்துக்க ஆளில்லாம கஷ்டப்படுறா."

"ரெண்டு பேரும் ஒரே எடத்துல..." என்று நான் ஆரம்பித்தேன்.

"ரெண்டு ரூம்தாம்மா. என் மாமியார் வேற எங்ககூட இருக்காங்க. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

அண்டா ஒருவருக்கு, குத்துவிளக்கு ஒருவருக்கு என்று பிரிக்கிற மாதிரி பிரித்துவிட்டான். எங்கள் பக்கம் இது புதிதில்லை. அப்பா பெரியவனிடம், அம்மா சின்னவளிடம் என்று இருக்கிற வீடுகள் எனக்குத் தெரிந்தே பல உண்டு. விசேஷத்துக்கு மண்டபத்தில் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மாத்திரை சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொள்வார்கள். பந்தி முடிந்ததும் ஆளுக்கொரு காரில் ஏறிப் போவார்கள்.

அவரோடு இருப்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். ஆனால் அந்த அடுப்படி என்னுடையது. வாசல் சாவி என் இடுப்பில் இருக்கும். மத்தியானம் அவர் படுத்த பிறகு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் தெற்குக் கோபுரத்தின் உச்சி தெரியும், ஒருவரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். மகள் வீட்டில் நான் விருந்தாளி இல்லை, வேலைக்காரியும் இல்லை, ரெண்டும்கெட்டான். அது அவளுக்கும் தெரியும். அதனால் அந்தக் கைக்கு உணர்ச்சி வர வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

பிசியோதெரபிப் பெண் வந்தாள். சின்ன வயது. ஸ்கூட்டரை வாசலில் போட்டுவிட்டு ஹெல்மெட்டோடு மாடியேறி வருவாள். என் அடுப்படியிலேயே தேடி நாலு சாமான் எடுத்தாள். பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நார், விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சு, தலை சீவும் சீப்பு, ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த எவர்சில்வர் டம்ளர். அவர் கண்ணைத் துண்டால் கட்டினாள். நாரால் இடது உள்ளங்கையைத் தேய்த்து, "இது என்ன தாத்தா?" என்றாள். பிறகு பஞ்சு. பிறகு சீப்புப் பல். பிறகு டம்ளர். அவர் எல்லாவற்றுக்கும் தெரியலை தெரியலை என்றார். கடைசியில் கோபம் வந்து, "என் கை என்ன பாத்திரமா, தேய்க்க வந்துட்டே?" என்றார். அவள் சிரித்தாள்.

"தினம் காலையில, சாயங்காலம் இதைச் செய்யுங்க பாட்டி" என்றாள்.

செத்துப்போன இடத்தைத் தேய்த்தால் உயிர் வருமா என்று நான் கேட்டேன். யாரிடமும் சட்டென்று கேட்கிறவள் இல்லை நான். அடுப்படியில் நானும் அவளும் மட்டும் இருந்ததால் கேட்டேன்.

"செத்தது கையில இல்ல பாட்டி, மூளையில. அங்க கொஞ்சம் நரம்பு செல் செத்துருச்சு. ஆனா மூளைன்னா நரம்பு செல் மட்டும் இல்ல. அதைச் சுத்தி, அதைத் தாங்கிக்கிட்டு வேற செல்லுங்க ஏகப்பட்டது இருக்கு." செல்போனில் ஒரு படம் காட்டினாள். கருப்பில் பச்சையாக, வாசலில் மழை நனைத்த கோலம் மாதிரி, எல்லாப் பக்கமும் கை நீட்டிக்கொண்டு. "பாருங்க, நட்சத்திரம் மாதிரி இருக்கா? ஒரு கையால ரத்தக்குழாயைப் புடிச்சிருக்கும், இன்னொரு கையால நரம்பைப் புடிச்சிருக்கும். நாம கையைத் தொட்டா நரம்பு செல் உடனே கத்தும். இதுங்க உடனே எந்திரிக்காது. கொஞ்சம் பொறுத்து, மெதுவா எந்திரிக்கும். எந்திரிச்சு, ரத்தம் அந்தப் பக்கமா வர்றதுக்கு ஒத்தாசை பண்ணும், நரம்புக்குத் தீனி குடுக்கும், அது கொட்டினதை எல்லாம் அள்ளிச் சுத்தம் பண்ணும்."

"அப்ப வேலை செய்யறது நரம்பு. கூட்டிப் பெருக்கறது இது" என்றேன்.

"அதேதான். உங்களை மாதிரின்னு வெச்சுக்கங்களேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குப் பிடிக்கவில்லை. மண்டைக்குள்ளேயும் இப்படி ஒரு கூட்டம் இருட்டில் அடுத்தவர் கொட்டினதை அள்ளிக்கொண்டு கிடக்கிறது என்று கேட்டால் எனக்கு என்ன பெருமை. அதுகளுக்காவது நட்சத்திரம் என்று ஒருவர் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னாள். அடிபட்ட இடத்தைச் சுற்றி வேலி போட்டுத் தழும்பாக இறுகிப் போவதும் இந்தச் செல்கள்தானாம். முதலில் அந்த வேலி நல்லதாம், சேதம் பரவாமல் காக்குமாம். நாளானால் அதுவே புது நரம்பு முளைக்க இடைஞ்சலாக ஆகிறதாம். எல்லாம் இன்னும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லையாம். எலியின் மீசையைத் தடவிவிட்டு அதன் மூளையில் இதுகள் எப்படி எழுந்திருக்கின்றன என்று பார்த்திருக்கிறார்களாம்.

சாயங்காலம் இதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப நான் எலி" என்றார்.

"அப்படிச் சொல்லலைங்க. மீசையைத் தடவினா மூளைக்குள்ள..."

"எனக்கும்தான் மீசை இருக்கு. போ, போயி நாரை எடுத்துட்டு வா."

இப்போது நான் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் வருகிற நாளில் நடைப் பயிற்சிதான் கொடுப்பாள், கை என் பொறுப்பு. காலையில் குளித்து, விளக்கேற்றி, பிறகுதான் அவர் முன்னால் தட்டை வைப்பேன். தட்டில் நாலு சாமான். கண்ணைக் கட்டுவேன். முதலில் நார், பிறகு பஞ்சு, பிறகு சீப்பு, பிறகு டம்ளர். அந்தப் பெண் எப்படிச் செய்து காட்டினாளோ அப்படியே. பூசையில் பூ வைத்த பிறகு தூபம், தூபத்துக்குப் பிறகு தீபம். அதை யாராவது மாற்றுவார்களா. எனக்கு எந்த வேலையும் வரிசையில்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒப்பிப்பேன். டீச்சர் நடுவில் நிறுத்தி, ஏழெட்டு என்ன என்று கேட்டால் ஓரேழிலிருந்து மனசுக்குள் ஓடி வர வேண்டும். அதற்குள் பிரம்பு விழுந்துவிடும்.

மார்கழி முழுதும் தெரியலை என்றே சொன்னார். பொங்கல் கழித்து ஒரு நாள் நாரை வைத்ததும், "நார்" என்றார். பஞ்சை வைத்தேன். "பஞ்சு." சீப்பை அவர் தப்பாகச் சொன்னார். நான் வாயடங்காமல், "இல்லங்க, சீப்புங்க" என்றேன். அடுத்தடுத்த வாரங்களில் நாலையும் சரியாகச் சொன்னார். தொட்டவுடன் சொன்னார். சில நாள் தொடுவதற்கு முன்பே வாய் அசைந்தது. நான் அதை அவருடைய அவசரம் என்று நினைத்தேன். அவர் எதற்குத்தான் பொறுத்திருந்தார்.

மகனிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்து செல்போனில் படம் எடுத்தான். நார், பஞ்சு, சீப்பு, டம்ளர் என்று அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்வதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். கை கும்பிடுகிற படமாக எல்லாரும் திருப்பி அனுப்பினார்கள். துறையூர் மகள் போன் செய்து, "அப்பாவுக்குச் சரியாயிடுச்சாமே, அப்ப நீ இங்க வரமாட்டேல்ல" என்றாள். அந்தக் குரலில் சந்தோஷம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பிசியோதெரபிப் பெண் வருவதையும் மகன் நிறுத்திவிட்டான். "அம்மாவே பண்ணுறாங்களே, போதும்" என்று அவளிடம் சொல்லிவிட்டானாம்.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நான் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன், கை குணமானால் கை உருவம் வாங்கிப் போடுகிறேன் என்று. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் காரில் எல்லாரும் போனோம். ரோடு முழுக்க மஞ்சள் புடவை. பக்தர்களுக்காக அம்மனே பட்டினி கிடக்கிற காலம் அது, கூட்டம் சொல்லி முடியாது. வாசல் கடையில் தகட்டில் அடித்த கண், கால், கை, வயிறு எல்லாம் தொங்கும். கை ஒன்று வாங்கினேன். கடைக்காரர் வலது கையா இடது கையா என்று கேட்டார். திருப்பி வைத்தால் எல்லாம் ஒன்றுதானே என்று மருமகள் சிரித்தாள். உண்டியலில் நானே போட்டேன். தகடு உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு இரைச்சல்.

வெளியே வந்து சூடம் ஏற்றுகிற இடத்தில் நின்றோம். பெரிய இரும்புத் தட்டு, அதைச் சுற்றி இரும்புக் கம்பி. சூடமும் நெய்விளக்கும் எரிந்துகொண்டே இருந்தன. அவர் வலது கையில் கம்பை ஊன்றிக்கொண்டு, இடது கையால் அந்தத் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். உதடு அசைந்தது. மகன் தள்ளி நின்று அதையும் படம் எடுத்தான்.

"அத்தை, ஏதோ பொசுங்குற வாடை வருதே" என்றாள் மருமகள்.

"சூடம்தான். திரி கருகியிருக்கும்" என்றேன் நான்.

"இல்லத்தை, இது வேற மாதிரி இருக்கு." அவள்தான் குனிந்து பார்த்தாள். "ஐயோ மாமா, கையை எடுங்க."

அவர் கண்ணைத் திறந்து, "ஏன், தீபம் காட்டறாங்களா?" என்றார்.

மகன் ஓடி வந்து கையை இழுத்தான். தோல் கொஞ்சம் அந்த இரும்பிலேயே நின்றுவிட்டது. சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். ஒரு கிழவி எங்கள் கையில் திருநீறு கொட்டினாள்.

"அப்பா, வலிக்கலையா?" என்றான் மகன்.

"எது?" என்றார் அவர்.

காரில் திரும்பினோம். கொள்ளிடம் பாலத்தில் வண்டிகள் நின்று நின்று போயின. அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். யாருடைய கையோ போல அது அங்கே கிடந்தது.

புண் ஆறியதும் மகன் அந்தப் பெண்ணைத் திரும்ப வரச் சொன்னான். அவனும் வந்து நின்றான். நான் வழக்கம்போலத் தட்டை வைத்தேன். அவள் கண்ணைக் கட்டிவிட்டு முதலில் டம்ளரை எடுத்து விரல்களில் வைத்தாள்.

"நார்" என்றார் அவர்.

நாரை வைத்தாள். "பஞ்சு."

மூன்றாவதாக எதையோ வைத்தாள், மறந்துவிட்டேன், பஞ்சாக இருக்கும். "சீப்பு" என்றார்.

பிறகு அவள் ஒன்றையும் வைக்கவில்லை. கையைத் தொடவே இல்லை. "இப்ப என்ன தாத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"டம்ளர்" என்றார். "குளுகுளுன்னு இருக்கு."

கண்கட்டை அவிழ்த்தாள். அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கம்பைத் தேடுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டார்.

மகன் என் பக்கம் திரும்பினான். "ஏம்மா, தெனம் இதே வரிசையிலயா வெச்சே?"

"அவங்க காட்டிக் குடுத்த மாதிரிதாண்டா வெச்சேன்."

"அவங்க ஒரு தடவை காட்டுனா அதையே புடிச்சுக்கறதா? கொஞ்சம் யோசிக்க மாட்டியா? சின்னக் குழந்தைகூட மாத்தி வெச்சுப் பாக்கும். ஊரு முழுக்க வீடியோ அனுப்பி வெச்சிருக்கேன்."

அந்தப் பெண் மெதுவாகத்தான் சொன்னாள். "சார், மொத நாளே போன்ல உங்ககிட்ட சொன்னேனே. வரிசையை மாத்திக்கிட்டே இருக்கணும், அம்மாகிட்ட சொல்லிருங்கன்னு."

மகன் செல்போனைப் பார்த்தான். அதில் அப்போது யாரும் கூப்பிடவில்லை. "எனக்கு ஆயிரம் வேலை. அதுவும் அம்மாதானே பக்கத்துல இருக்காங்க" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வரிசையை மாற்றச் சொல்லி என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் யோசித்திருக்க வேண்டியவள் நான்தான். இன்றைக்கு வரைக்கும் எங்கள் சொந்தத்தில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள், அம்மா படிக்காதவங்க, பாவம், தெரியாமப் பண்ணிட்டாங்க என்று.

டீ போட அடுப்படிக்குப் போனேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"நீங்க மனசுல வெச்சுக்காதீங்க பாட்டி. நான் உங்ககிட்ட நேராச் சொல்லியிருக்கணும்."

"மாத்தி வெச்சிருந்தா வந்திருக்குமா?" என்றேன்.

அவள் டம்ளர்களை எடுத்து வைத்தாள். "வந்திருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு இருக்கு. அன்னிக்குச் சொன்னேன் பாருங்க, தாங்கிப் புடிக்கிற செல்லுங்க. அடுத்து இதுதான் வரப்போகுதுன்னு தெரிஞ்சுட்டா அதுங்க அவ்வளவா கண்டுக்காது. எதிர்பாக்காதது வந்து மேல பட்டா, மனுஷன் சட்டுனு முழிச்சுப் பாக்குறான் இல்ல, அப்பதான் அதுங்களும் நல்லா எந்திரிக்கும். அப்புறம் தொட்டுட்டுக் கொஞ்சம் பொறுக்கணும். தாத்தாவும் பொறுக்கல, நீங்களும் உடனே அடுத்ததுக்குப் போயிட்டீங்க."

பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தேன். எதிர்பார்க்காதது என்று எங்கள் வீட்டில் எது நடந்திருக்கிறது. சங்கு, டீ, சாப்பாட்டுக் கேரியர், சங்கு, டீ. ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தை, கறி. ஒரு நாள் அவர் எனக்கு ஒரு முழம் பூ வாங்கி வந்திருந்தால் என் மண்டைக்குள் இருக்கிற நட்சத்திரமெல்லாம் எழுந்து உட்கார்ந்திருக்குமோ என்னவோ. வாங்கி வரவில்லை. நானும் ஒரு நாள்கூட டீயை ஐந்து நிமிஷம் தாமதமாகக் கொடுத்ததில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் வரிசையாகவே தெரிந்து வைத்திருந்தோம்.

அவர்கள் போன பிறகு அவரிடம் கேட்டேன். அப்படிக் கேட்பதற்கே எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது.

"ஒண்ணுமே தெரியலைன்னு ஏன் சொல்லலைங்க?"

"சொன்னா நீ என்ன பண்ணிருவே?"

"டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாம். அந்தப் பொண்ணையாவது வரச் சொல்லியிருக்கலாம்."

பேப்பரை மடித்தார். திரும்ப விரித்தார். பிறகு, "அவன் வீட்டுக்குப் போனா காலம்பற டீக்கு யாரைக் கேக்கறது? மருமகப் பொண்ணு எட்டு மணிக்குத்தான் எந்திரிக்குது" என்றார்.

அவ்வளவுதான். நான் எதிர்பார்த்தது என்ன என்று எனக்கே தெரியாது. பிரிய மாட்டேன் என்று சொல்வாரென்றா. அந்த மாதிரிப் பேச்சு எங்கள் வயதுக்கு வெட்கம். ஆனாலும் எனக்காக இல்லாமல் டீக்காகத்தான் அவர் அத்தனை நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடித்தார் என்று தெரிந்தபோது, தட்டில் இருந்த நாரை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தேன். அது அங்கே இருக்க வேண்டிய சாமான்தானே.

சித்திரை பிறந்தது. போர்ஷனைக் காலி செய்தோம். கட்டில் அவரோடு கே.கே. நகருக்குப் போயிற்று. கிரைண்டர் என்னோடு துறையூருக்கு வந்தது. சாவியை வீட்டுக்காரம்மாவிடம் கொடுக்கும்போது இடுப்பில் அது இருந்த இடம் வெறுமையாக இருந்தது, கை இரண்டு மூன்று நாள் அங்கேயே போய்த் தடவியது. கைக்கு உணர்ச்சி இருந்தால் இந்தக் கஷ்டமும் உண்டு.

மகள் வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது பச்சைமலை தெரியும். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. பேரனுக்கு ஊட்டுகிறேன், தூங்க வைக்கிறேன், அவன் கொட்டினதை அள்ளுகிறேன். மகள் வேலையிலிருந்து வந்ததும், "அம்மா, புள்ளைக்கு ஏன் சளி புடிச்சுது?" என்று கேட்பாள். மருமகளுக்குப் போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அவர் "ம்" என்பார். சாப்டீங்களா என்றால் "ம்". டீ குடிச்சீங்களா என்றால் மட்டும் கொஞ்சம் தாமதமாக "ம்" வரும். எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் என்ன பேசுவது. வைத்துவிடுவேன்.

அங்கே அவருக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த ஆள்தான் இப்போது கையைத் தேய்க்கிறார். வரிசையை மாற்றி மாற்றி, பொறுத்துப் பொறுத்து, எல்லாம் சரியாகச் செய்கிறாராம். ஒன்றும் தெரியவில்லை என்றுதான் இவர் சொல்கிறாராம். முன்னைப்போல நடிப்பதில்லை. இனிமேல் எதற்கு நடிக்க வேண்டும்.

போன மாதம் மகளோடு திருச்சிக்கு ஒரு வளைகாப்புக்குப் போனேன். போகிற வழியில் கே.கே. நகரில் இறங்கினோம். அவர் கட்டிலில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தூங்கவில்லை. எல்லாரும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். டிவி ஓடியது. நான் வந்திருப்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நான் செருப்பில்லாமல் நடக்கிறவள், சத்தம் வராது. பக்கத்தில் போய் நின்றேன். யாரும் பார்க்கவில்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவருடைய இடது கையை எடுத்து என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன். தட்டும் இல்லை, துண்டும் இல்லை. அந்தப் பெண் சொன்னபடி பொறுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டிவியில் விளம்பரம் போய்ப் பாட்டு வந்தது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "நார்" என்றார்.

நான் கையை விட்டுவிட்டேன். அதற்குள் மருமகள், "அத்தை, காப்பி ஆறுது" என்று கூப்பிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஐம்பது வருஷமாகச் சாம்பலும் சபீனாவும் போட்டுத் தேய்த்த கை. வெடித்து, காய்த்து, பட்டுப்புடவையில் பட்டால் நூல் இழுக்கிற கை. அவர் அதைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாரா, இல்லை, கையை யாராவது எடுத்தால் முதலில் வருவது நார்தான் என்ற பழைய பழக்கத்தில் சொன்னாரா. மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் படம் எடுக்க வருவான். அவரிடமும் கேட்க முடியாது. கேட்டால் ஏதாவது டீ விஷயமாகச் சொல்லுவார்.

இதில் மூளையைப் பற்றி நான் எழுதியிருப்பதெல்லாம் அடுப்படியில் நின்று காதால் கேட்டது. நட்சத்திரம் மாதிரி இருப்பதும், எலி மீசையும், மெதுவாக எழுந்திருப்பதும் அந்தப் பெண் சொன்னபடிதானா, நான் ஏதாவது மாற்றி எழுதிவிட்டேனா என்று அவளோ, மூளையைப் பற்றிப் படித்த வேறு யாராவதோ ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். அப்படியே, எதிர்பார்க்காமல் ஒருவர் வந்து தொட்டு, அசையாமல் பொறுத்திருந்தால், இத்தனை நாளுக்கு அப்புறமும் அந்தச் செல்கள் எழுந்திருக்க வழி உண்டா என்பதையும் பார்த்து, உண்டு இல்லை என்று யாராவது ஒரு வரி எழுதினால் போதும். துறையூர் வீட்டுக்கு எழுத வேண்டாம், இங்கே எல்லாவற்றையும் பிரித்துப் படிப்பார்கள். அந்தப் பெண்ணிடமே சொல்லிவிடுங்கள்.